மழை நாளின் இணைய வகுப்புக்கு வெயில் காலத்திலேயே ஆயத்தமாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காவிரிக் கடைமடை மாவட்டங்களில் விடியற்காலையிலேயே எல்லோர் கண்ணும் கைப்பேசியில்தான் இருக்கும். மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு வந்த சற்று நேரத்துக்கெல்லாம், ‘பத்தாம் வகுப்புக்காவது ஆன்லைனில் பாடம் நடத்தக் கூடாதா, டீச்சர்?’ என்று பெற்றோர் சிலர் கேட்கத் தொடங்குவார்கள். நடத்தினால், நடத்தியதற்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி மேலிருந்து தகவல் வரும். நடத்தலாமா கூடாதா என்று இரு தரப்பிலும் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புவதே இல்லை. அந்த முப்பது, நாற்பது நிமிட வகுப்புக்கு ஆசிரியர் எப்போது, எதைக் கொண்டு, யாருடைய நேரத்தில் ஆயத்தமாவார் என்பதே அது. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்து வகுப்புகளை வைத்தே இணையவழிக் கல்வியைப் பலரும் எடை போடுகிறார்கள். அது முழுக்கச் சரியாகாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வே ரத்தானது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி ஏறக்குறைய ஒரே இரவில் மாநிலத்தின் வகுப்பறையாக மாற வேண்டியிருந்தது. 2020–21 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரைதான் பள்ளியைப் பார்த்தார்கள்; பிறகு பத்தாம் வகுப்புக்காக அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று மீண்டும் வந்து, 2022 மே மாதம் பொதுத் தேர்வு எழுதினார்கள். இந்த இடைவெளியில் நாங்கள் நடத்தியவை, வெள்ளத்தில் அகப்பட்டவர் கைக்குக் கிடைத்த கட்டையைப் பிடித்துக்கொண்ட கதைதான். சார்லஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட ஐந்து அமெரிக்கக் கல்வியியலாளர்கள் 2020 மார்ச்சிலேயே இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார்கள். நெருக்கடியில் அவசரமாக நடத்துவது வேறு, திட்டமிட்ட இணையவழிக் கல்வி வேறு என்றும், முழுவதும் இணையத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை உருவாக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள் பிடிக்கும் என்றும் அதில் குறிப்பிட்டார்கள். எங்களிடம் காலை ஆறு மணிக்கு விடுமுறை அறிவிப்பு வருகிறது. பத்து மணிக்கு வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள்.

ஆயத்தம் என்றதும் கூகுள் மீட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது, திரையைப் பகிர்வது எப்படி என்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஐந்து நிமிடத்தில் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். உண்மையான ஆயத்தம் வகுப்பின் வீடுகளைத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 75-ஆவது சுற்றுக் கணக்கெடுப்பின்படி, 2017–18-இல் இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இணைய வசதி பெற்றவை பதினைந்தை ஒட்டியே இருந்தன. அதன் பிறகு கைப்பேசி ஏராளமாகப் பரவிவிட்டது. ஆனால் அது வீட்டுக்கு ஒன்று. அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் இருப்பது. கட்டட வேலைக்கோ மீன்பிடித் துறைமுகத்துக்கோ அவர் போகும்போது வகுப்பறையும் கூடவே போய்விடும். இதில் உயர்நிலை வகுப்புகளின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் உரியதாக இருந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி டேட்டா கல்லூரி மாணவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவர்கள். ஆனால் பொதுத் தேர்வு மட்டும் அவர்களுக்கும் உண்டு.

ஆகவே ஜூன் மாதமே, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே சில விவரங்களைக் குறித்து வைப்பது என் வழக்கம். வீட்டில் இருப்பது தொடுதிரைக் கைப்பேசியா பட்டன் போனா, யாருடையது, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், அதையே நம்பி இருக்கும் அண்ணன் தங்கை எத்தனை பேர், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா திண்ணைக்கு வர வேண்டுமா என்பவை அவை. மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் அரசின் எமிஸ் தளத்தில் கைப்பேசி எண் இருக்கிறதே என்று கேட்கலாம். எண் இருக்கிறது, அந்த எண் மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பும் என்பது அதில் இல்லை. இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையை அதே தெருவில் தொடுதிரை உள்ள வீட்டுப் பிள்ளையோடு முன்கூட்டியே சேர்த்துவிட முடியும். மழை பெய்யும்போது யார் யாரோடு என்று தேடத் தொடங்கினால், தேடி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும்.

நேரம் அடுத்த சிக்கல். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் நான்கு அமர்வுகளுக்கு மேல் போகக் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று வரையறுத்தது. அது உச்ச வரம்பு. பல தனியார் பள்ளிகள் அதை இலக்காகக் கொண்டன. சில, வழக்கமான கால அட்டவணையையே எட்டுப் பாடவேளையோடு அப்படியே திரைக்கு மாற்றின. ஒரு வீட்டுக்கு ஒரு போன் உள்ள வகுப்புக்கு, பாடத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் முப்பது நிமிட நேரலை போதும் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் பிள்ளைகள் தங்களுக்கு வாய்த்த நேரத்தில் பார்க்கவும் செய்யவும் கூடியதாக இருக்க வேண்டும். அந்த நேரலையையும் மாலையில் வைக்கச் சொல்வது எளிது. ஆனால் மாலை ஏழு மணி என்பது ஆசிரியைகளில் பெரும்பாலோருக்கு அடுப்படியில் நிற்கும் நேரம் என்பதை உத்தரவு போடுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு எட்டு மதிப்பெண், வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண். மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்றுவது இந்தப் பதினாறுதான் என்று கணித ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வோம். வகுப்பறையில் வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதைக் கரும்பலகையில் மரக் கவராயத்தை வைத்து ஒரு முறை காட்டிவிட்டு, வரிசை வரிசையாக நடந்து நோட்டுகளைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். திரையில் அந்த நடை இல்லை. கேமரா முன் கவராயத்தைப் பிடித்து ஆசிரியர் வரைந்து காட்டினால், அவர் தலை தாளை மறைக்கும். சிக்னல் தடுமாறிய வீட்டில் வட்டத்தின் பாதி வந்திருக்கும், மீதி வந்திருக்காது. நாற்பது நிமிடம் தொண்டை வறளப் பேசி முடித்த பிறகும் யார் வரைந்தார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள் என்று தெரியாது.

இதற்கு மாற்றாக நான் செய்து வருவது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பாடப் புத்தகங்களை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, இடையே இரண்டு நீள அளவுகோல்களைப் பாலம் போல வைத்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் கீழே உள்ள தாள் தெளிவாக விழும். தொடுகோடு வரைதலை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். முதல் படத்தில் O-வை மையமாகக் கொண்ட வட்டம். இரண்டாவதில் வெளியே உள்ள புள்ளி P-யை மையத்தோடு இணைக்கும் OP என்ற கோடு. மூன்றாவதில் OP-யின் மையக் குத்துக்கோடு, அது வெட்டும் புள்ளி M. நான்காவதில் M-ஐ மையமாகவும் MO-வை ஆரமாகவும் கொண்டு வரைந்த வட்டம், அது முதல் வட்டத்தை வெட்டும் A, B என்ற புள்ளிகள். ஐந்தாவதில் PA, PB. ஐந்து படங்களையும் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடக் குரல் பதிவோடு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே போட்டுவிட வேண்டும். மூன்று நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பியைக்கூடத் தொடாது. ரீசார்ஜ் தீர்ந்துபோகிற நாளிலும் இறங்கிவிடும்.

பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘வரைந்து பாருங்கள், எந்தப் படியில் நின்றுவிட்டீர்களோ அந்த எண்ணை மட்டும் அனுப்புங்கள்.’ புரியவில்லை என்று முப்பத்தைந்து பேர் உள்ள குழுவில் எழுதக் கூசுகிற பெண், 4 என்று ஒரு எண்ணை அனுப்பத் தயங்க மாட்டாள். பெரும்பாலும் நான்காம் படியில்தான் சிக்கல் இருக்கும். MO-வை எடுப்பதற்குப் பதிலாக OP முழுவதையும் ஆரமாக எடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் நேரலையில் மற்ற நான்கு படிகளைத் தொடவே வேண்டாம். அந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, ஆரத்தை மாற்றினால் வட்டம் எங்கே போய் வெட்டுகிறது என்று எல்லோரும் வரைந்து பார்த்தால் முப்பது நிமிடம் போதும். கடைசியில், ஆரம் 3 செ.மீ., OP 5 செ.மீ. என்றால் தொடுகோட்டின் நீளம் 4 செ.மீ. வர வேண்டும் என்று பிதாகரஸ் தேற்றத்தால் அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்து 4.1 வந்த பிள்ளை, பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி வரையும்.

நான் சொல்ல வருவதும் இதுதான். இணைய வகுப்புக்கான ஆயத்தம், ஆசிரியர் என்ன பேசப் போகிறார் என்பதில் இல்லை. பிள்ளை என்ன செய்யப் போகிறது, அதை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறார் என்பதில் இருக்கிறது. பேச்சுக்கு ஆயத்தமாக ஓர் இரவு போதும், அனுபவம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். பிள்ளை செய்யும் வேலைக்கு ஆயத்தமாக ஒரு பருவம் வேண்டும்.

காணொலியின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் மாணவர்கள் காணொலிகளைப் பார்த்த விதத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவற்றையே அவர்கள் பெரும்பாலும் முழுமையாகப் பார்க்கிறார்கள் என்று கண்டது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்து படித்தவர்கள். அப்பாவின் போனில், பக்கத்தில் தம்பி கார்ட்டூன் கேட்டு அழ, பார்க்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். கல்வித் தொலைக்காட்சியிலும் மணற்கேனி செயலியிலும் திக்ஷா தளத்திலும் காணொலிகளுக்குப் பஞ்சமே இல்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீட்டை (க்யூஆர் கோடு) ஸ்கேன் செய்தாலே பல திறக்கின்றன. ஆகவே ஆசிரியர் தாமே காணொலி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இருப்பதில் எந்த இரண்டு நிமிடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று பார்த்து வைப்பதே ஆயத்தம்தான். ஆனால் அதைப் பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி அங்கே எங்கும் கிடையாது. அதை அந்தப் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்தான் எழுத முடியும்.

மாணவர்களை ஈர்ப்பது என்ற சொல்லைப் பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அசைவூட்டமும் இசையும் சேர்த்த ஸ்லைடு போட்டால் ஈர்த்துவிடலாம் என்று சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருண்ட சதுரங்கள் நிறைந்த திரையைப் பார்த்து ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘எஸ் மிஸ்’ என்று மூன்று பேர் எழுதுவார்கள். அந்த மூவர் எப்போதும் அதே மூவர்தான். அதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் கொடுத்து, ‘விடையை எழுதி வையுங்கள், நான் சொல்லும்வரை யாரும் அனுப்பக் கூடாது’ என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பிறகு ‘இப்போது’ என்றதும் எல்லா விடைகளும் ஒரே நேரத்தில் வந்து விழும். முந்திக்கொள்கிறவர்களைப் பார்த்து எழுத வழியில்லை. தவறான விடை தனியாக நிற்கிற வெட்கமும் இல்லை, ஏனெனில் அதே தவற்றை இன்னும் ஏழெட்டுப் பேர் செய்திருப்பார்கள். இதில் கடினமானது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் அதிகம் பேரிடமிருந்தும் வருகின்றன என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். அது நேரடி வகுப்பின் கணக்கு. திரையில் ஒலி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். பிள்ளை தட்டச்சு செய்ய வேண்டும். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்கு ஒரு யுகம்போல் இருக்கும், பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

கேமராவைக் கட்டாயம் போடச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. ஒற்றை அறை வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, அம்மா சமைத்துக்கொண்டிருக்க, அதை முப்பத்தைந்து வீடுகளுக்குக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. முகம் தெரிந்தால் கவனம் இருக்கிறது என்று பொருளும் இல்லை. அரைப்பக்க நோட்டின் படம் ஒன்று, எந்த முகத்தையும்விட அதிகம் சொல்லும். அந்தப் படங்களிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். எல்லோரும் எல்லாப் பக்கத்தையும் அனுப்பினால் சின்னத் திரையில் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் எரிந்துவிடும்; கடைசியில் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் குறி போட்டு முடித்துவிடத் தோன்றும். ஒரு நாளைக்கு ஒரு தெருப் பிள்ளைகளின் குழு மட்டும், ஒரே ஒரு கணக்கு மட்டும் அனுப்பச் சொன்னால், ஐந்தாறு படங்களை ஊன்றிப் பார்த்து, எங்கே வழுக்கியது என்று பெயர் சொல்லிப் பதில் குரல் கொடுக்கலாம். தன் பெயரைச் சொல்லி டீச்சர் பேசிய குரல் பதிவைப் பிள்ளைகள் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்கள் என்பது எனக்கு அம்மாக்கள் வழியாகத்தான் தெரிந்தது.

பார்த்து எழுதுவதைப் பற்றிய கவலை எல்லா ஆசிரியர்களுக்கும் இருக்கிறது. ஒருவர் விடை குழுவில் விழுந்த அடுத்த நிமிடம் அது முப்பத்தைந்து நோட்டுகளில் இருக்கும். அதைத் தடுக்கக் காவல் போடுவதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு எண்கள் அமையும் கணக்கைக் கொடுப்பது நல்லது. பத்தாம் வகுப்பின் எட்டாவது பாடமான புள்ளியியலுக்கு வீட்டிலேயே தரவு இருக்கிறது. மின் கணக்கீட்டு வெள்ளை அட்டையை எடுத்து, அல்லது பெற்றோர் போனுக்கு வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்து, கடைசி ஆறு கணக்கீடுகளின் யூனிட்டுகளை எழுதச் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் அது ஓராண்டுக் கணக்கு. ஒரு வீட்டில் 180, 220, 260, 240, 200, 160 என்று இருந்தால் சராசரி 210, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 34, அது சராசரியில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் மாறுபாட்டுக் கெழு 16 விழுக்காட்டை ஒட்டி வரும். அடுத்த வீட்டுக்கு இந்த எண்கள் பொருந்தாது. எனவே எவ்வளவு நல்ல நண்பனாக இருந்தாலும் கடன் கொடுக்க முடியாது. யார் வீட்டுச் செலவு சீரானது என்று மாறுபாட்டுக் கெழுவை ஒப்பிடும்போது, சராசரி அதிகமான வீடு சீரற்ற வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். கோடையில் மின்விசிறி ஓடியது, நடுவில் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள் என்று எண்களுக்குப் பின்னால் இருக்கும் கதையும் வருகிறது. வாடகை வீட்டில் தனி மீட்டர் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியின் கணக்கையோ பக்கத்துக் கடையின் கணக்கையோ முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இதையும் அந்த நேரத்தில் யோசித்தால் ஒரு பிள்ளை அவமானப்பட்டுப் போகும்.

இந்த ஒப்பீட்டைத் தெருக் குழுவுக்குள் தாங்களே பேசிச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989-இல் எழுதிய கட்டுரையில், மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும் என மூன்று வகை ஊடாட்டங்களைப் பிரித்துக் காட்டினார். நம் இணைய வகுப்புகளில் முதல் இரண்டு எப்படியாவது நடந்துவிடுகின்றன. மூன்றாவது அறவே இல்லை. வகுப்பறையில் பக்கத்து இருக்கைக்காரன் காதில் கிசுகிசுத்துச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய கல்வி என்பது, அது இல்லாமல் போன பிறகுதான் தெரிகிறது. குழுவில் சேர்க்கும்போது கவனம் தேவைப்படும் மற்றொன்று பாதுகாப்பு. சென்னையில் இணைய வகுப்பு தொடர்பாக எழுந்த புகார்களுக்குப் பிறகு, 2021 மே மாதம் அரசு, இணைய வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதை வெறும் உத்தரவாகப் பார்க்காமல், குழுவில் தலைமையாசிரியரோ மற்றோர் ஆசிரியரோ கட்டாயம் இருப்பது, மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்பாமல் பெற்றோர் எண் வழியாகவே பேசுவது, இரவு ஒன்பதுக்கு மேல் குழுவைப் பூட்டுவது என்ற நடைமுறைகளை ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லா மழை நாளும் வகுப்பு நாள் என்று நான் வாதாடவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் பக்கத்தில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கூரை பறந்த வீட்டுப் பிள்ளையிடம் தொடுகோட்டைப் பற்றிக் கேட்பது கொடுமை. அப்படிப்பட்ட நாட்களில் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. அந்தக் கைப்பேசிப் பட்டியல் அதற்கும் உதவும். நான் சொல்வது, சும்மா தூறிக்கொண்டே நான்கைந்து நாள் இழுக்கும் விடுமுறைகளையும், திருப்புதல் தேர்வுக்கு முந்தைய வாரங்களையும், காய்ச்சலில் ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் போன பிள்ளையையும் பற்றி. இணைய வகுப்பு வீண் என்று சொல்லும் சக ஆசிரியர்களோடும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. கவராயத்தைப் பிடிக்கத் தெரியாத விரல்களைத் திருத்த, ஆசிரியரின் கைக்கு ஈடாக எந்தச் செயலியும் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கு வரும்போது எந்தப் படியில் நின்றது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், கையைப் பிடிக்க வேண்டிய இடம் உடனே தெரியும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இணைய வகுப்பு பற்றிய அமர்வு என்றால், ஒருவர் திரையில் ஸ்லைடுகளைக் காட்டிக்கொண்டே போவார். நாங்கள் வருகைப் பதிவு செய்துவிட்டுப் பின்னூட்டப் படிவத்தை நிரப்புவோம். பிள்ளைகளை ஈர்ப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஒருவர் பேசுவதை ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்பதில் இருக்கும் வேடிக்கையை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, பாட வாரியாகப் பிரித்து, பாதி ஆசிரியர்களை அடுத்த அறையில் அவரவர் போனோடு உட்கார வைத்து, ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவரின் இடத்தில் பத்து நிமிடம் இருந்து பார்த்தாலே, தன் பாடத்தில் எதை வெட்ட வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியப் பயிற்றுநர்கள் செய்ய வேண்டியது, எந்த இடத்தில் கவனம் கழன்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது மட்டுமே.

ஆதாரம் கேட்பதிலும் ஒரு மாற்றம் தேவை. எத்தனை பேர் இணைந்தார்கள் என்ற ஸ்கிரீன்ஷாட், பிள்ளைகள் கற்றதைக் காட்டாது. வருகை எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாதே என்று ஆசிரியர்கள் நேரலையையே நம்பி, மற்ற வழிகளைக் கைவிடுவதற்குத்தான் அது வழி செய்கிறது. பட்டன் போன் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசிய ஆசிரியரிடம் காட்டுவதற்குப் படம் எதுவும் இருக்காது. வாரத்துக்கு ஒரு பக்கம், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்ற குறிப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக் கையொப்பமிட்டால் போதுமானது. கைப்பேசிக் கட்டணத்தை ஆசிரியர்கள் தங்கள் பையிலிருந்தே போட்டுவருகிறோம், அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் குழுவுக்கென்று பள்ளியின் பெயரில் ஓர் எண்ணும் ஒரு சாதாரணக் கைப்பேசியும் இருந்தால், ஆசிரியைகளின் சொந்த எண் ஊர் முழுக்கப் போவது நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது நேரம். பாடக்குறிப்பு, எமிஸ் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல் என்று ஓய்வுப் பாடவேளைகள் கரைந்துவிடும் நிலையில், பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்றே அட்டவணையில் ஒதுக்கினால், கணிதத்தின் எட்டுப் பாடங்களுக்கும் பாடத்துக்கு இரண்டு வேலைகள் வீதம் அக்டோபருக்குள் கையில் இருக்கும். வட்டாரத்தில் உள்ள பள்ளிகள் பாடங்களைப் பங்கிட்டுக்கொண்டால் அதில் பாதி நேரமே ஆகும். பொதுவாக அக்டோபர் பிற்பகுதியில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் முடிந்துவிடும். எனவே ஆகஸ்ட் மாதக் குறுவள மையக் கூட்டத்தின் ஒரு நாளையாவது, ஸ்லைடுகள் இல்லாமல், பாட வாரியாக இந்த வேலைகளை எழுதவும் ஒருவர் மற்றவருக்கு நடத்திப் பார்க்கவும் ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வடிவியலுக்கும் புள்ளியியலுக்கும் எங்கள் வட்டாரக் கணித ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருப்பவற்றை அந்தக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
நாகப்பட்டினம் மாவட்டம்.